இமயச் சாரலில் ஒரு வீரக்கல்

பிறந்தார் இறத்தல் உலகத்து இயற்கை. இறந்தாருள்ளும் பிறர் நெஞ்சில் நெடிது நிற்பவர் மிகச் சிலரே. அச்சிலரை மறவாதிருத்தற்பொருட்டு மக்கள் தொன்றுதொட்டுக் கையாண்டுவரும் கருவிகளுட் கல்லும் ஒன்று. போரிற் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரும் பீடும் அதிற் பொறித்துச் சிறப்பித்தல் பண்டைத் தமிழர் வழக்கம் என்பதை இலக்கியம் பயிலும் நம் மாணவர் நன்கறிவர். கல்லைத் தேர்ந்து காண்டல் முதலாக, நாட்டிய கல்லை வாழ்த்துதல் ஈறாக, இதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியனார் வகுத்துக் காட்டியுள்ளார். எனினும் இவ்வுணர்ச்சி ஒரு நாட்டார்க்கே உரியதன்று. நமக்கு நெடுந்தொலைவில், இமயமலைச் சாரலிலே, 1925-ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுதோறும் விழாக் கொண்டாடப்பெற்றுவரும் ஒரு வீரக்கல்லின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

அக்கல் நிற்கும் ஊர் சம்பா என்பது. இமாசல நாட்டில் அப்பெயருடைய வேறொரு பழைய ஊர் உண்டு. அதனை இதனொடு மயங்கலாகாது. யாம் கூறுவது, இந்நாளில் உத்தரகண்ட மாநிலம் எனப்படும் பகுதியில், தெகிரி கர்வால் மாவட்டத்தில் உள்ளது. கடல் மட்டத்திற்குமேல் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ரிஷிகேசத்தினின்றும் முசூரியினின்றும் தெகிரிக்குச் செல்லும் மலைப்பாதைகள் ஒன்றுகூடும் இடத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. முதல் உலக மகாயுத்தக் காலத்தில் அப்பகுதி ஆங்கிலேயர் நேரே ஆண்ட நாடன்று; தெகிரி மன்னர் ஒருவரின் ஆட்சியில் இருந்த சுதேச சமஸ்தானம். 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேதான் அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது.

சம்பாவை அடுத்துள்ள மஞ்சூடு என்னும் சிற்றூரில், 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள் கபர் சிங் நேகி என்பார் பிறந்தார். மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமன்செய்து பயிரிடும் நாடு அது. விளைநிலம் சுருக்கம்; குடும்பமோ பெருக்கம். ஆதலின் இளைஞர் பலர் பட்டாளத்தில் சேர்ந்து பொருளீட்டிக் குடும்பத்தைத் தாங்குவது அங்கே நெடுநாளைய வழக்கம். கர்வாலியர்க்கென்றே தனியாக ஒரு படைப்பிரிவு 1887-ஆம் ஆண்டில் ஏற்பட்டு, லான்ஸ்டௌன் என்னும் மலைநகரைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருந்தது. அதற்கு அந்நாளில் 39-ஆவது கர்வால் ரைபில்ஸ் என்று பெயர். அதன் இரண்டாம் பட்டாளத்தில் கபர் சிங் 1913-ஆம் ஆண்டு அக்டோபரில் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

அவர் சேர்ந்து ஓராண்டு நிரம்புமுன் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. மேல்நாட்டுப் போர்க்களத்தில் ஆங்கிலப் படைக்கு ஆள் போதாமையால், இந்தியாவினின்று லாகூர்ப் படை, மீரத்துப் படை என்னும் இரு பெரும் பிரிவுகள் பிரான்சுக்கு அனுப்பப்பட்டன. மீரத்துப் பிரிவைச் சேர்ந்த கர்வாலியர், 1914-ஆம் ஆண்டு அக்டோபரில் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கினர். பனி அவர்களுக்குப் புதிதன்று. மலைநாட்டார் குளிரை அறிவர். ஆனால் பிளாந்தர்ஸ் எல்லையையொட்டிய அத்தாழ்நிலத்தில், சில அடி தோண்டிய அளவிலே நீர் ஊறும் சேற்று அகழிகளில் இரவும் பகலும் நின்று போரிடுவது அவர்கள் கண்டும் கேட்டும் அறியாதது.

நிற்க, விக்டோரியா சிலுவை என்னும் விருதைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். பகைவர்முன் காட்டிய ஒப்பற்ற தீரத்திற்கென்று ஆங்கில அரசாங்கம் 1856-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய பதக்கம் அது. பொன்னாலும் வெள்ளியாலும் ஆனதன்று. வெண்கலத்தால் ஆன சிறிய சிலுவை. சேனாதிபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே தன்மையாகக் கிடைப்பது என்பது அதன் பெருமை. ஆயினும் அப்பெருமை நெடுங்காலம் இந்தியச் சிப்பாய்க்கு எட்டவில்லை. இந்தியர்க்கு வேறு விருது உண்டு என்று கூறி அவர்களை விலக்கியே வைத்திருந்தனர். 1911-ஆம் ஆண்டிலேதான் அத்தடை நீங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த தில்லி தர்பாரில் அது விளம்பரம் செய்யப்பட்டது. மூன்றாண்டிற்குள் யுத்தம் வந்தது. 1914 முதல் 1918 வரை நடந்த அப்போரில், இந்தியப் படையின் சுதேசச் சிப்பாய்களுள் 11 பேர் அப்பதக்கம் பெற்றனர். அப்பதினொருவருள் இருவர் 39-ஆவது கர்வால் ரைபில்ஸைச் சேர்ந்தவர். ஒருவர் முதற் பட்டாளத்து நாயக் தர்வான் சிங் நேகி. மற்றவர் இரண்டாம் பட்டாளத்துக் கபர் சிங் நேகி.

இனி, கபர் சிங் பட்ட போரைக் காண்போம். பிரான்சின் வடபகுதியில் நூவ் ஷாபெல் என்றொரு சிற்றூர் உண்டு. அதனை ஜெர்மானியர் கைக்கொண்டு அரண்செய்திருந்தனர். அதற்குக் கிழக்கே ஓபர் மேடு என்னும் சிறு திட்டு இருந்தது. அம்மேட்டைப் பிடித்தால் சுற்றுப்புறம் முழுவதையும் நோக்கியிருக்கலாம் என்பது ஆங்கிலச் சேனாதிபதிகளின் எண்ணம். ஆகாய விமானங்களிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு பகைவருடைய அகழிகளை முன்கூட்டியே வரைந்து, ஒவ்வொரு பிரிவும் எவ்வழிச் செல்லவேண்டும் என்று திட்டம் வகுத்தனர். அந்நாளில் அது ஒரு புதுமை.

1915-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள், புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஏறக்குறைய 340 பீரங்கிகள் ஒருங்கே முழங்கின. முப்பத்தைந்து நிமிடங்கள் அக்குண்டுமழை பொழிந்தது. எட்டுமணி ஐந்து நிமிடத்திற்குக் காலாட்படையினர் தத்தம் அகழிகளினின்றும் எழுந்து ஓடினர். அவருள் கர்வால் பிரிகேடு என்னும் அணியும் ஒன்று. அவ்வணியில் கர்வாலியரின் இரு பட்டாளங்களோடு கூர்க்கர் பட்டாளம் ஒன்றும், லெஸ்டர் நகரத்து ஆங்கிலப் பட்டாளம் ஒன்றும் இருந்தன. முதற் கர்வால் பட்டாளம் திசை தவறி, குண்டுகளால் அறுபடாத முள்வேலிமேற் சென்று மோதிப் பெருஞ்சேதமுற்றது. இரண்டாம் பட்டாளமோ தன் வழியிற் பிறழாது சென்று பகைவர் அகழியினுட் புகுந்தது.

அகழியினுட் புகுந்ததோடு வெற்றி கிட்டிவிடுமோ எனின், அன்று. இவ்விடத்தில் அகழியின் அமைப்பை அறிந்தாலன்றிக் கபர் சிங் செய்த செயலின் அருமை விளங்காது. போரகழிகளை நேர்க்கோடாக வெட்டுவதில்லை. நேராக வெட்டினால் ஒரு முனையினின்று சுடும் பகைவன் மறுமுனைவரை உள்ள அனைவரையும் வீழ்த்துவான். உள்ளே வீழும் ஒரு குண்டும் அகழி நெடுகப் பரவி அழிக்கும். ஆதலின் சில கஜத்திற்கு ஒருமுறை, கோட்டைக் கொத்தளம்போல ஒரு மண்திட்டை நடுவே விட்டு, அகழி அதனைச் சுற்றிச் செல்லுமாறு வளைத்து வெட்டுவர். அதனால் அகழி முழுவதும் சிறுசிறு அறைகள் தொடர்ந்தாற்போலக் காணும். ஓர் அறையில் நிற்பவனுக்கு அடுத்த அறையில் நிகழ்வது தெரியாது. திட்டையின் மூலையைச் சுற்றித் திரும்பும்பொழுது அப்புறம் எத்தனை பேர் எவ்வாயுதத்தோடு காத்திருக்கின்றனர் என்பதை முன்னறிய வழியில்லை.

இத்தகைய அகழியைப் பிடிப்பதற்கென்று சிறு கூட்டங்கள் அமைத்திருந்தனர். சிலர் கையெறிகுண்டு ஏந்துவர். சிலர் பயோனெட்டு என்னும் துப்பாக்கிமுனை ஈட்டி ஏந்துவர். குண்டுக்காரன் திட்டைக்கு மேலாக அப்புறத்தே குண்டை எறிவான். அது வெடித்த மறுகணமே, புகை அடங்குமுன், ஈட்டிக்காரன் மூலையைச் சுற்றி உட்புகுவான். அந்நாளில் நல்ல கையெறிகுண்டுகளும் போதிய அளவில் இல்லை. ஜாம் அடைத்துவந்த தகர டப்பிகளில் வெடிமருந்தும் இரும்புத்துண்டும் திணித்துத் திரி வைத்துக் களத்திலேயே பல குண்டுகள் செய்துகொண்டனர். அவற்றுட் சில உரிய நேரத்தில் வெடியாமற் போவதும் உண்டு. இதனால், முதலில் மூலையைச் சுற்றிப் புகுவோன் உயிர்மேல் ஆசை வைத்திருத்தல் இயலாது என்பது தெளிவு.

கபர் சிங் அத்தகைய கூட்டம் ஒன்றிற் சேர்ந்து பகைவரின் முதன்மை அகழியுட் புகுந்தார். ஒவ்வொரு திட்டையையும் முதலிற் சுற்றிச் சென்றவர் அவரே. ஒருமுறை முன்செல்வது உணர்ச்சி வேகத்தாலும் நிகழலாம். ஒரு மூலையிற் பிழைத்தவன், அடுத்த மூலையில் இன்னது காத்திருக்கும் என்பதை நன்கறிந்த பின்னரும், மீண்டும் மீண்டும் தானே முன்செல்வது வேகத்தால் நிகழ்வதன்று, உறுதியால் நிகழ்வது. பகைவர் அறை அறையாகப் பின்வாங்கி, முடிவில் ஆயுதம் வைத்துச் சரணடைந்தனர். அப்போரிலேயே கபர் சிங்கும் வீழ்ந்தார். இருபதாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் வெளிவந்த லண்டன் அரசாங்க கெஜட்டில் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்ட செய்தியும், மேலே கூறிய செயலும் சில வரிகளிற் குறிக்கப்பட்டன.

நூவ் ஷாபெல் ஊர் அன்று முற்பகலிலேயே கைப்பற்றப்பட்டது. ஆனால் அப்பால் நின்ற ஓபர் மேடு கிட்டவில்லை. செய்தி போக்குவரவு தடைப்பட்டமையாலும், பீரங்கிக் குண்டுகள் குறைந்தமையாலும், பகைவர் புதுப்படை கொணர்ந்து தடுத்தமையாலும், 13-ஆம் நாள் போர் ஓய்ந்தது. அந்நான்கு நாளில் ஆங்கிலர் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாகச் சேதமுற்றவர் 11,000-க்கு மேற்பட்டவர்; அவருள் ஏறக்குறைய 4,200 பேர் இந்தியப் படையினர். ஒரு சிற்றூருக்காக இவ்வளவு உயிர் செலவாயிற்று. கபர் சிங்கின் உடல் அடக்கம் செய்யப்பட்ட இடம் இன்னதென்று அறியக்கூடவில்லை.

போர் முடிந்தபின், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பட்டு, கல்லறை அறியப்படாத இந்திய வீரர்க்கென்று அந்நூவ் ஷாபெல் ஊரிலேயே ஒரு பெரு ஞாபகச் சின்னம் எழுப்பினர். புதுதில்லி மாளிகைகள் சிலவற்றை அமைத்த ஹெர்பர்ட்டு பேக்கர் என்னும் சிற்பக்கலைஞர் அதனை வகுத்தார். அசோகர் தூண்களை நினைவூட்டும், ஏறக்குறைய 15 மீட்டர் உயரமுள்ள தூண் ஒன்று தாமரைத் தலையோடு அங்கே நிற்கின்றது. அதன் இருபுறமும் இரண்டு கற்புலிகள் காவல் காக்கின்றன. 1927-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. அதன் சுற்றுச்சுவரில் 4,700-க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களுட் கபர் சிங் நேகி என்பதும் ஒன்று.

அச்சின்னம் அழகியது, செய்ந்நன்றி மறவாமைக்கு அடையாளமானது. ஆயினும் மஞ்சூடு ஊரார் அதனை எவ்வாறு காண்பர்? ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சுவரில் மகன் பெயரைத் தடவிப்பார்க்க எத்தாய்க்கு இயலும்? உடல் வரவில்லை; சாம்பலும் வரவில்லை. கங்கையின் தலையாறுகள் பாயும் நாட்டிற் பிறந்தவனுக்கு அந்நீரிற் செய்யவேண்டிய கடன்களும் உடல் இன்றியே முடிந்திருத்தல் வேண்டும். இக்குறையை நோக்கின், சம்பாவில் அவருக்கென ஒரு நினைவுக்கல் ஏன் வேண்டியிருந்தது என்பது விளங்கும். பல்லாயிரம் பெயருள் ஒரு பெயராக அன்றி, இவ்வூரிற் பிறந்து இம்மலையில் ஆடு மாடு மேயும் வழிகளில் நடந்த ஒருவராக அவரை நினைத்தற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

1925-ஆம் ஆண்டு முதல், அவர் பிறந்த நாளையொட்டி, ஏப்ரல் 20 அல்லது 21-ஆம் நாளில், பஞ்சாங்கக் கணக்குப்படி வைசாக மாதத்தில், சம்பாவில் ஒரு திருவிழா நடந்துவருகின்றது. சுற்றுப்புறத்து மலையூர்களினின்றும் மக்கள் வந்து திரள்வர். பட்டாளத்தார் அணிவகுத்து மலர்வளையம் சாத்தி வணங்குவர். 1971-ஆம் ஆண்டில் அந்நினைவிடத்தைக் கர்வால் ரைபில்ஸ் படையினர் தம் பொறுப்பிலேயே ஏற்றுக்கொண்டனர். வீரன் இறந்த நாளைக் கொண்டாடாது பிறந்த நாளைக் கொண்டாடுவது கருதத்தக்கது. அவ்வூரார்க்கு அது துக்கநாளன்று. வளையல் கடைக்காரரும் தின்பண்டம் விற்பாரும் குழந்தைகளும் நிறைந்த திருவிழா நாள். தெகிரி அரசின் பழைய தலைநகராகிய தெகிரி நகர், பாகீரதி ஆற்றிற் கட்டிய பேரணையின் நீரில் 2005-ஆம் ஆண்டில் முற்றும் மூழ்கிப்போயிற்று. அரசர் மாளிகை நின்ற நகர் மறைந்தது. சிப்பாய் ஒருவரின் கல் மேட்டில் நின்று விழாக் காண்கின்றது.

கபர் சிங்கின் மனைவியார் சதூரி தேவி என்னும் அம்மையார். இளமையிலேயே கணவரை இழந்த அவர் மறுமணம் செய்துகொள்ளாது மஞ்சூட்டிலேயே வாழ்ந்து, 1981-ஆம் ஆண்டில் மறைந்தார். அறுபத்தாறு ஆண்டுகள் அவர் அப்பதக்கத்தைப் போற்றினார். புல்லறுக்கவும் விறகு கொணரவும் செல்லும்பொழுதும் அதனை ஆடையில் அணிந்து செல்வார் என்றும், வழியில் எதிர்ப்படும் சிப்பாய்கள் நின்று வணக்கம் செலுத்துவர் என்றும் அப்பகுதியார் கூறுவர். போர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் களத்தையே நோக்குகின்றது. களத்திற் கபர் சிங் போரிட்டது சில நாழிகை. அதன் விளைவை இவ்வம்மையார் சுமந்ததோ ஒரு நீண்ட ஆயுட்காலம். வீரக்கல்லைப் பற்றி எழுதுவோர் இதனைக் கூறாது விடுதல் முறையன்று.

இங்கே ஓர் ஐயம் எழும். அஃதாவது, அப்போர் யாருடைய போர்? தன் நாடு அடிமைப்பட்டிருக்க, தன்னை ஆளும் பேரரசின்பொருட்டு, தனக்கு யாதொரு தீங்கும் செய்யாத ஜெர்மானியரை எதிர்த்து உயிர்விட்டதைப் போற்றலாமோ என்று நம் இளைஞர் வினவுவர். வினா நேர்மையானதே. அதனை மறைத்து ஒதுக்குதல் தகாது. விடை கூறுதற்கு அதே பட்டாளத்தின் பிற்கால வரலாறு ஒன்று துணைசெய்கின்றது.

யுத்தத்தின்பின் 39-ஆவது கர்வால் ரைபில்ஸ், 18-ஆவது ராயல் கர்வால் ரைபில்ஸ் எனப் பெயர் மாறிற்று. அதன் இரண்டாம் பட்டாளம், அஃதாவது கபர் சிங் இருந்த பட்டாளத்தின் வழிவந்ததே, 1930-ஆம் ஆண்டு ஏப்ரலிற் பெஷாவர் நகரில் இருந்தது. கான் அப்துல் கபார்கான் சிறைப்பட்டமையாற் பொதுமக்கள் கிஸ்ஸாக்கானிக் கடைத்தெருவில் திரண்டனர். ஏப்ரல் 23-ஆம் நாள் அவர்மேற் சுடுமாறு கர்வாலியர்க்குக் கட்டளை பிறந்தது. ஹவில்தார் சந்திர சிங் என்பவர், ஆயுதமற்ற மக்களைச் சுடோம் என்று மறுத்துத் தம் தோழரையும் தடுத்தார். அவரும் 1915-ஆம் ஆண்டில் பிரான்சு சென்று மீண்டவரே. அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தோழர் பலரும் சிறை புகுந்தனர். 1941-ஆம் ஆண்டிலேதான் சந்திர சிங் விடுதலை பெற்றார்.

ஒரே பட்டாளம், பதினைந்தாண்டு இடைவெளி. ஒருவர் ஆயுதம் தாங்கிய பகைவர்முன் மூலைதோறும் முன்சென்று பதக்கம் பெற்றார். மற்றொருவர் ஆயுதமற்ற மக்கள்முன் துப்பாக்கியைத் தாழ்த்திச் சிறை பெற்றார். முன்னவரைப் போற்றுவோர் பின்னவரை இகழவேண்டும் என்பதில்லை. பின்னவரைப் போற்றுவோர் முன்னவரை மறக்கவேண்டும் என்பதும் இல்லை. அப்போரை மூட்டியவர் கபர் சிங் அல்லர். அதனால் ஊதியம் பெற்றவரும் அவர் அல்லர். பக்கத்தில் நின்ற தோழன் முன்செல்லவேண்டிய இடத்தில் தாம் முன்சென்றார். அதுவே அவர் செய்தது. அரசுகளின் நோக்கம் காலத்தால் மாறும், மறையும். தோழனுக்குமுன் தான் சென்ற அச்செயலின் மதிப்பு அவற்றோடு மறைவதன்று என்பதே எம் கருத்து. சுதந்தர இந்தியாவின் படையும் அந்நினைவிடத்தைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டதற்கு இதுவே காரணமாதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. மேலே குறித்த தர்வான் சிங் நேகி, 1914-ஆம் ஆண்டு நவம்பரில் பெஸ்துபேர் என்னுமிடத்திற் போரிட்டுக் காயமுற்றும் உயிர்தப்பியவர். டிசம்பர் 5-ஆம் நாள் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் பிரான்சிலேயே அவர்க்குப் பதக்கம் அணிவித்தார். அவர் தமக்கென ஒன்றும் வேண்டாது, தம் மலைநாட்டுக் கர்ணப்பிரயாகையில் ஒரு பாடசாலை வேண்டும் என்று கேட்டதாகக் கூறுவர். 1918-ஆம் ஆண்டில் அங்கே போர் நினைவுப் பாடசாலை ஒன்று எழுந்தது. இருவரும் ஒரு நாட்டினர், ஒரு படையினர். இறந்தவர்க்கு ஊரார் கல் நாட்டினர். பிழைத்தவர் ஊரார்க்குக் கல்வி நாட்டினார்.

இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவருட் பலர் கபர் சிங் இறந்த வயதினரே. அவர்க்குக் கிட்டாத நெடுவாழ்வு நமக்குக் கிட்டியுள்ளது. வடக்கே செல்லும் நம் மாணவரும் பழைய மாணவரும் ரிஷிகேசத்தினின்று மலையேறுவராயின், சம்பாவில் வண்டியை நிறுத்தி, அக்கல்லின்முன் சிறிதுபொழுது நிற்பாராக. அங்கே நிற்கும்பொழுது, நமக்கு முன்னே ஒரு மூலை வருமாயின் அதனை முதலிற் சுற்றிச் செல்லும் துணிவு நம்மிடம் உண்டோ என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக. அவ்வினா எழுமாயின், கல்லை நட்டவர் கருத்து நிறைவேறியதாகும்.